க்வெரி போட்டுத் திருப்பிய கோப்பு

யாழ்ப்பாணத்துப் பெண் ஒருவரின் பட்டத்தை நான் ஏற்க மறுத்தேன். மறுத்தேன் என்றுகூடச் சொல்ல முடியாது, அதற்கும் கொஞ்சம் துணிவு வேண்டும். நான் க்வெரி போட்டேன்.

அப்போது நான் தமிழ்நாட்டில் ஒரு பல்கலைக்கழகத்தில் வரலாற்றுப் பேராசிரியர். வெளிநாட்டுப் பட்டங்களின் இணைத்தன்மையைப் பார்த்துப் பரிந்துரைக்கும் குழுவிலும் இருந்தேன். அவர் வரலாற்றில் சிறப்புப் பட்டம் பெற்றவர், இங்கே எம்.ஏ. சேர விண்ணப்பித்திருந்தார். நம்முடைய பி.ஏ. மூன்று ஆண்டு, அவருடையது நான்கு ஆண்டு. அதில் ஓர் ஆய்வேடும் எழுதியிருந்தார். பாடத்திட்டத்தைத் தைத்து இணைத்திருந்தார். அதைப் புரட்டாமலேயே, ‘விவரம் போதாது, அந்தப் பல்கலைக்கழகத்திடமிருந்து சான்றொப்பமிட்ட நகல் பெறவும்’ என்று குறிப்பு எழுதினேன். நகலும் வந்து சேர்ந்தது. உடனே, டெல்லியில் இருக்கும் இந்தியப் பல்கலைக்கழகங்களின் சங்கத்திலிருந்து கடிதம் வேண்டும் என்று இன்னொரு க்வெரி போட்டேன். அதற்குள் சேர்க்கை முடிந்துவிட்டது.

அதே கோப்புக் கட்டில் பிரிட்டனில் ஓராண்டு முதுகலை முடித்தவரின் கோப்பும் இருந்தது. ஓராண்டு முதுகலைக்கு இங்கே முறையான ஏற்பு அப்போது கிடையாது. 2022 ஜூலையில் இந்திய, பிரிட்டன் அரசுகள் ஒப்பந்தம் போட்ட பிறகுதான் அது தெளிவானது. க்வெரி போட வேண்டிய கோப்பு என்றால் அதுதான். ஊர்ப் பெயரைப் பார்த்தேன், கையெழுத்துப் போட்டேன்.

தெரியாமல் செய்தேன் என்று தப்பித்துக்கொள்ள வழியில்லை. இந்தியா, இலங்கை ஆகிய இரு நாடுகளின் கல்வி உறவை ஆண்டுதோறும் வகுப்பில் நடத்தியவன் நான். 1823இல் அமெரிக்க மிஷனரிகள் வட்டுக்கோட்டையில் தொடங்கிய செமினரியைப் பற்றிப் பேசும்போது என் குரல் தானாக உயரும். 1857இல் சென்னைப் பல்கலைக்கழகம் பிறந்தது. அதன் முதல் பி.ஏ. பட்டதாரிகள் சி.வை. தாமோதரம்பிள்ளையும் கறோல் விசுவநாதபிள்ளையும். இருவரும் யாழ்ப்பாணத்தார், வட்டுக்கோட்டையில் படித்தவர்கள். போதாததற்கு, விசுவநாதபிள்ளை தாமோதரம்பிள்ளையின் ஆசிரியர். ஆசிரியரும் மாணவரும் கடல் தாண்டி வந்து ஒரே தேர்வை எழுதித் தேறிய கதையைச் சொன்னால் பிள்ளைகள் கைதட்டுவார்கள். எனக்கு அந்தக் கைதட்டல் பிடிக்கும்.

வந்தவர்கள் திரும்பிப் போய்க் கொடுத்ததும் உண்டு. மட்டக்களப்புப் பகுதியில் பிறந்த விபுலாநந்த அடிகள் 1931இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் தமிழ்ப் பேராசிரியரானார். 1942இல் இலங்கைப் பல்கலைக்கழகம் உருவானதும் மறு ஆண்டே அங்கே முதல் தமிழ்ப் பேராசிரியராகப் போனார். தனிநாயகம் அடிகளும் அண்ணாமலையில் முதுகலை படித்துவிட்டு இலங்கையில் கற்பித்தார், அங்கிருந்து மலாயாப் பல்கலைக்கழகம் சென்றார். 1966இல் கோலாலம்பூரில் முதல் உலகத் தமிழ் மாநாடு நடந்ததற்கு அந்தப் பயணமும் ஒரு காரணம். இவர்களில் யாருடைய கோப்பும் என் மேசைக்கு வராதது தமிழின் நல்ல காலம்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும், இதுதான் அதிகம் உறுத்துகிறது. எந்தச் சங்கத்தின் கடிதம் வேண்டுமென்று அந்தப் பெண்ணை அலைய விட்டேனோ, அது 1925இல் பம்பாயில் பல்கலைக்கழகங்களுக்கு இடையிலான வாரியமாகத் தொடங்கியது. சுதந்திரத்துக்குப் பிறகும் அதன் பெயர் ‘இந்தியா, இலங்கை’ என்று இரு நாட்டையும் சேர்த்தே இருந்தது. 1973இல் அது இன்றைய பெயருக்கு மாறியது, அதில் இந்தியா மட்டுமே உண்டு. ஒரு காலத்தில் இலங்கையும் உட்கார்ந்திருந்த சபையிடம் போய், இலங்கைப் பட்டம் செல்லுமா என்று கேட்டு வரச் சொன்னேன். இந்த வரலாறும் எனக்குத் தெரிந்ததுதான்.

பின் ஏன் செய்தேன்? பயம் ஒரு காரணம். 1991இல் ராஜீவ் காந்தி கொல்லப்பட்ட பிறகு கோப்பில் ‘இலங்கை’ என்று இருந்தாலே எங்கள் அலுவலகத்தில் எல்லாரும் ஒரு கணம் தயங்குவோம். ஆனால் இதைப் பெரிதாகச் சொன்னால் அது நடிப்பு. அந்தப் பெண் வந்தது இலங்கையில் போர் முடிந்த பிறகு. பதிவாளர் எனக்கு எதுவும் சொல்லவில்லை, எந்த அதிகாரியும் தொலைபேசியில் அழைக்கவில்லை. பக்கத்து வீட்டுப் பிள்ளை வாங்கிய மதிப்பெண்ணை நம்பாமல், பட்டணத்துப் பிள்ளை சொன்னதை அப்படியே நம்பும் புத்திதான் உண்மையான காரணம். லண்டன் என்றால் தரம், யாழ்ப்பாணம் என்றால் பாவம் என்று எனக்குள் ஒரு பட்டியல் இருந்தது. ஈழத்துக்காகக் கண்ணீர் விட்டு மேடையில் பேசியிருக்கிறேன். இரக்கம் இருந்தது, மதிப்பு இல்லை.

அந்தப் பருவத்தில்தான் எங்கள் துறை ஒரு கருத்தரங்கு நடத்தியது. நான் படித்த கட்டுரை, அண்டை நாடுகளின் உயர்கல்விக் கூட்டுறவு பற்றியது. 1985இல் டாக்காவில் சார்க் தொடங்கியதிலிருந்து ஆரம்பித்து, 2005இல் அதே டாக்காவில் மன்மோகன் சிங் தெற்காசியப் பல்கலைக்கழகத்தை முன்மொழிந்தது, 2007இல் டெல்லியில் எட்டு நாடுகளும் உடன்பாட்டில் கையெழுத்திட்டது, 2010இல் வகுப்புகள் தொடங்கியது என்று வரிசையாகச் சொன்னேன். அங்கே பெறும் பட்டத்தை எட்டு நாடுகளும் ஏற்கும் என்ற விதியை விசேஷமாகப் பாராட்டினேன். அரசுகள் ஒத்துழைத்தாலும் அதிகாரிகளின் மனம் திறப்பதில்லை என்று ஒரு குத்தல்கூட வைத்தேன். அப்போது அந்தக் கோப்பு என் மேசை இழுப்பறையில் இருந்தது.

கருத்தரங்குக்கு இலங்கையிலிருந்து ஒரு பேராசிரியரை அழைத்திருந்தோம். தமிழ்நாட்டுக் கல்லூரிகளில் வேலை பார்த்தவர்களுக்கு இதன் சூட்சுமம் தெரியும். வெளிநாட்டிலிருந்து ஒருவர் வந்தாலே அழைப்பிதழில் ‘பன்னாட்டு’ என்று போட்டுக்கொள்ளலாம், அமெரிக்காவுக்கு விமானச் சீட்டு எடுக்க வேண்டியதில்லை. அவருக்குப் பொன்னாடை போர்த்தியது நான்தான். அவருடைய நாட்டுப் பட்டத்தை யாரும் கேள்வி கேட்கவில்லை. மதிய உணவின்போது, தம் மாணவர்கள் இங்கே சேர்வதில் சிக்கல் ஏதும் உண்டா என்று அவர் என்னிடம் கேட்டார். விதிமுறைகள் கொஞ்சம் கடுமை சார், மேலிடத்தில்தான் மாற்ற வேண்டும் என்றேன்.

கட்டுரை நூலாக வந்தது. பன்னாட்டுக் கருத்தரங்கு என்பதால் பதவி உயர்வுக்கான ஏபிஐ புள்ளிக் கணக்கில் அதற்குக் கூடுதல் புள்ளி. என் பதவி உயர்வு விண்ணப்பத்தில் அதைச் சேர்த்தேன். அந்தக் கோப்பில் யாரும் க்வெரி போடவில்லை.