உஸ்தாதின் குரலும் காப்புரிமையும்

மர்ஹூம் நம் உஸ்தாத் அவர்கள் நடத்திய நஹ்வுப் பாடங்களை மாணவர் ஒருவர் ஒலிநாடாக்களில் பதிந்து வைத்திருந்தார். நாடாக்கள் நைந்துவரக் கண்டு, 2006ஆம் ஆண்டில் அனைத்தையும் எம்.பி.3 கோப்புகளாக்கிக் குறுந்தகட்டில் நமக்கு அளித்தார். நாடாக்களை எறிந்தும்விட்டார். அவ்வாண்டிலேயே மத்ரஸாவிற்குப் பழைய கணினி ஒன்று வாய்த்தது. விலை கொடுத்து மென்பொருள் வாங்க வகையில்லை. திருட்டுப் படியை ஏற்ற மனமில்லை. ஆகவே கட்டற்ற மென்பொருளாகிய லினக்ஸை நிறுவச் செய்தோம். தகட்டை இட்டதும் பாடங்களின் பெயர்கள் வரிசையாகத் தெரிந்தன. குரல் மட்டும் வரவில்லை.

“ஹஜ்ரத், கணினியில் பழுதில்லை. இவ்வொலியை அவிழ்க்கும் நிரலைச் சேர்த்துத் தர இதை வெளியிடுவோருக்கு உரிமை இல்லையாம்” என்றார் நிறுவித் தந்த இளைஞர்.

நம் உஸ்தாதின் குரலை நாம் கேட்க, யாருடைய உரிமை வேண்டும்? சினந்தோம் என்பதை மறைப்பானேன்! பிறகுதான் விசாரித்து அறிந்தோம். பதிப்புரிமை ஒரு கிதாபின் வாசகத்தைக் காப்பது. அதே கருத்தை நம் சொற்களால் எழுதத் தடையில்லை. காப்புரிமையோ வழிமுறையையே காப்பது. பிறர் நிரலில் ஓரெழுத்தும் பாராமல் ஒருவர் தாமே எழுதினாலும், வழி அதுவேயாயின் அகப்பட்டுக்கொள்வார்.

உரத்த ஒலியின் அருகே மெல்லொலி செவிக்குப் புலப்படாது. அவ்வாறு புலப்படாதவற்றைக் களைந்து, ஒலிக்கோப்பை ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்காகச் சுருக்குவதே எம்.பி.3. ஜெர்மனியின் ஃபிராவுன்ஹோஃபர் ஆய்வு நிலையத்தார் இதற்கெனப் பல்லாண்டு உழைத்தனர். உழைத்தவர் கூலி கேட்பதை நாம் குறை கூறோம். இடர்ப்பாடு கூலியை அளக்கும் முறையில் இருந்தது. படிக்கு இவ்வளவு என்று கட்ட வேண்டுமாயின் படிகளை எண்ண வேண்டும். கட்டற்ற மென்பொருளையோ பெற்றவர் எவரும் எவர்க்கும் வழங்கலாம். எண்ணாமல் கொடுப்பவர் எதைக் கணக்கிட்டுக் கட்டுவார்? 1991இல் வந்த ஜி.பி.எல். உரிமத்தின் இரண்டாம் வடிவம், காப்புரிமைக் கட்டணத்தால் தடையின்றி வழங்க இயலாதெனில் வழங்கவே வேண்டாம் என்று சொல்லிவிட்டது.

நம் மரபிலும் இஜாஸத் உண்டு. உஸ்தாதின் அனுமதி பெற்றே கிதாபை ஓதிக் கொடுக்கிறோம். பெற்றவர் பிறர்க்கும் இஜாஸத் வழங்கலாம். எத்தனை பேர்க்கு என்று எவரும் கணக்குக் கேட்பதில்லை.

1998இல், இலவசமாக எம்.பி.3 ஆக்கும் நிரல்களை எழுதியோர்க்கு அந்நிலையத்திலிருந்து கட்டணம் கோரும் கடிதங்கள் சென்றன. அதன்பின் கிறிஸ்டோபர் மான்ட்கோமரி என்பாரும் தோழர்களும் வேறொரு வழி கண்டு, 2002இல் வோர்பிஸ் என்னும் ஒலிவடிவத்தை முழுமையாக்கி, காப்புரிமைக் கட்டணம் ஏதுமின்றி உலகிற்கு அளித்தனர். நம் குறைக்கு அது மருந்தாகவில்லை. வோர்பிஸாக மாற்றவும் முதலில் எம்.பி.3ஐ அவிழ்த்தாக வேண்டும் அன்றோ! நாடாக்களும் போயின.

அவிழ்க்கும் நிரலைத் தனியே இறக்கிச் சேர்க்கலாம் என்றார் இளைஞர். ஆகுமானதா என்ற ஐயத்தில் சில வாரங்கள் கழிந்தன. நம் நாட்டுக் காப்புரிமைச் சட்டத்தைத் தேடிப் படித்தோம். 2002இல் திருத்தப்பட்ட மூன்றாம் பிரிவு, கணினி நிரல் தன்னளவில் கண்டுபிடிப்பாகாது, அல்காரிதமும் ஆகாது என்கிறது. அல்குவாரிஸ்மியின் பெயரே திரிந்து அல்காரிதம் ஆயிற்று. பக்தாதில் வாழ்ந்த அப்பெரியாரை இந்தியச் சட்டத்தில் சந்திப்போம் என நாம் எண்ணியதில்லை. ‘தன்னளவில்’ என்ற சொல்லின் பொருளில் வழக்கறிஞர்கள் பிணங்குகிறார்கள். நமக்கு அந்த அளவே போதுமானதாயிற்று.

நிரலைச் சேர்த்தோம். முதலில் ஓர் இருமல், பின் கரும்பலகையில் சுண்ணக்கட்டி உரசும் ஓசை, “எழுதிக்கொண்டீர்களா?” என்ற அக்குரல். அன்றே ஒவ்வொரு பாடத்தையும் வோர்பிஸிலும் ஒரு படி எடுத்து வைத்தோம். இருமுறை சுருங்கியதில் குரல் சற்றே மங்கியது.

2017 ஏப்ரல் 23இல் அந்நிலையத்தின் எம்.பி.3 உரிம ஏற்பாடு முடிவுற்றது. இன்று அந்தப் பழைய தகட்டை எந்தக் கணினியும் தடையின்றி ஓதிக் காட்டுகிறது. நாம் நடத்தும் பாடங்களை மட்டும் இன்றளவும் வோர்பிஸிலேயே பதிகிறோம்.