ஈரக் கையும் இறுகிய பிடியும்

பெங்களூர் மெயில் கன்டோன்மென்ட் ஸ்டேஷனில் நின்றபோது இன்னும் விடிந்திருக்கவில்லை. பிளாட்பாரத்தில் நின்றவர்கள் டீ டம்ளரை இரண்டு கைகளாலும் பொத்திப் பிடித்துக் குளிர்காய்ந்துகொண்டிருந்தார்கள். மார்கழிக் குளிர். அந்தக் குளிரிலும் என் பையின் கைப்பிடி வியர்வையில் நனைந்திருந்தது.

உள்ளங்கை வியர்ப்பது எங்கள் குடும்பச் சொத்து. அப்பாவுக்கு இருந்தது, எனக்கு வந்தது. எம்.ஏ. தமிழ்த் தேர்வுகளை விடைத்தாள் மேல் கைக்குட்டையை விரித்து, அதன்மேல் கையை வைத்துத்தான் எழுதினேன். அப்படியும் மை கலங்கிப் பல வரிகள் மேகம் போலானதுண்டு. யாரைச் சந்தித்தாலும் கை குலுக்காமல் வணக்கம் சொல்வது என் வழக்கம். நண்பர்கள் அதைத் தமிழ்ப் பற்று என்று நினைக்கிறார்கள். நான் மறுத்ததில்லை.

இப்போது அந்தச் சொத்து அல்சூரில் வசிக்கும் அக்காவின் மகளுக்குப் போயிருக்கிறது. பதினாறு வயது. இரண்டு வருடமாகக் காற்றுத் துப்பாக்கி பயில்கிறாள். அண்மையில் நடந்த ஒரு போட்டியில் பாதி ஆட்டத்தில் உள்ளங்கை நனைந்து, பிஸ்டலின் பிடி கைக்குள் வழுக்கியிருக்கிறது. கடைசி பத்துக் குண்டுகளும் அங்குமிங்கும் சிதறின. "இனிமே ரேஞ்சுக்குப் போகமாட்டேன்" என்று சொல்லிவிட்டாள். அக்கா போனில் சொன்னது இதுதான்: "அதே கையை வெச்சுக்கிட்டுதானேடா நீ இத்தனை வருஷமா எழுதிப் பொழைக்கிற? ஒரு தடவை வந்து அவகிட்ட பேசிட்டுப் போ."

துப்பாக்கியைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது. வியர்வையைப் பற்றித் தெரியும். அந்தத் தகுதியோடுதான் போனேன்.

துப்பாக்கி பற்றிப் பேசப் பொருத்தமான ஊர்தான் இது. 1809-ல் ஆங்கிலேயர் இங்கே ராணுவக் குடியிருப்பு அமைத்தார்கள். பிரிகேட் ரோடு, இன்ஃபன்ட்ரி ரோடு, ஆர்ட்டிலரி ரோடு என்று தெருப் பெயர்களில் இன்னும் படை அணிவகுத்துக்கொண்டிருக்கிறது. குதிரைப் படையின் பெயர் தாங்கிய கேவல்ரி ரோடு மட்டும் காமராஜ் ரோடு ஆகிவிட்டது. அல்சூர் ஏரியை ஒட்டி மெட்ராஸ் சாப்பர்ஸ் முகாம். ஏரிக் கரையில், 18 ஆண்டுகள் மூடியே கிடந்து 2009 ஆகஸ்டில் திறக்கப்பட்ட திருவள்ளுவர் சிலை.

சிலையருகே உட்கார்ந்து மருமகளுக்கு ஒரு கதை சொன்னேன். பெங்களூரில் 13 ரூபாய் கடன் வைத்துவிட்டுப் போன ஓர் இளம் அதிகாரியின் கதை. பெயர் வின்ஸ்டன் சர்ச்சில். வராக்கடன் பட்டியலில் அவர் பெயர் ஏறிய பதிவேட்டைப் பெங்களூர் கிளப் பத்திரமாக வைத்திருக்கிறது. எனக்குச் சுவையாகப் பட்டது கடன் அல்ல, அவருடைய கை. 1896-ல் பம்பாய் சசூன் துறையில் படகிலிருந்து இறங்கும்போது படிக்கட்டுச் சுவரிலிருந்த இரும்பு வளையத்தைப் பிடித்தார். அந்த நேரம் பார்த்து அலை படகை இழுத்தது. வலது தோள்மூட்டு பிசகியது. அந்தத் தோள் கடைசிவரை முழுதாகக் குணமாகவில்லை. பெங்களூரில் மேல்கையை உடம்போடு சேர்த்துக் கட்டிக்கொண்டுதான் போலோ ஆடினார். 1898 செப்டம்பர் 2-ல் சூடானின் ஓம்துர்மான் போரில் குதிரைப் படை பாய்ந்தபோது, வாள் வீச அந்தத் தோளை நம்ப முடியாது என்று மௌசர் கைத்துப்பாக்கியை எடுத்துக்கொண்டார். உயிரோடு திரும்பினார்.

"அவருக்குக் கை வியர்த்துச்சா மாமா?"

"அதை அவர் எழுதி வைக்கலை. ஆனா கெட்டுப்போன தோள்னு தெரிஞ்சதும் அதுக்கேத்த ஆயுதமா மாத்திக்கிட்டார்."

அவள் சிரிக்கவில்லை. ஆனால் மறுநாள் என்னை ரேஞ்சுக்குக் கூட்டிப்போகச் சம்மதித்தாள்.

ஒரு கட்டடத்தின் மேல்தளம். நீளமான அறை, ஒரு கோடியில் மேஜைகள், பத்து மீட்டர் தள்ளி விளக்கொளியில் இலக்குகள். பத்து மதிப்பெண் தரும் நடுவட்டத்தின் குறுக்களவு 11.5 மில்லிமீட்டர், சட்டைப் பொத்தான் அளவு. ஒற்றைக் கையை நீட்டி, எதன்மீதும் ஊன்றாமல், 75 நிமிடத்துக்குள் 60 முறை சுட வேண்டும். பிஸ்டலின் எடை ஒன்றரைக் கிலோவைத் தாண்டக் கூடாது. விசைக்கு அரைக் கிலோ அழுத்தமாவது தேவைப்பட வேண்டும். இவை சர்வதேச விதிகள்.

பயிற்சியாளர் கன்னடக்காரர், ராணுவத்தில் இருந்தவர். தமிழ் நன்றாகவே பேசினார். வந்த காரியத்தைச் சொன்னதும் பிஸ்டலைக் காலி செய்து காட்டிவிட்டு அதன் பிடியை என் முன் வைத்தார். வால்நட் மரம். மேற்பரப்பு முழுக்கச் சின்னச் சின்னக் குழிகள். அம்மி கொத்தியது போல இருந்தது. காரணமும் ஏறத்தாழ அதுதான்: வழவழப்பானால் அம்மியில் மிளகாய் நழுவும், பிடியில் கை நழுவும். கொத்திய பரப்பில் வியர்வை குழிக்குள் இறங்கிக்கொள்ள, மேடுகள் தோலைப் பற்றிக்கொள்ளும். ஒவ்வொருவர் கைக்கும் ஏற்ப மரத்தை அரத்தால் ராவுவார்கள். இடைவெளி இருக்குமிடத்தில் மரப்பசை வைத்து நிரப்புவார்கள்.

"கை ஈரமானா எல்லாரும் என்ன செய்வாங்க ஸார்? இன்னும் இறுக்குவாங்க. அங்கதான் தப்பு" என்றார். இறுக்கினால் தசை களைத்து நடுங்கும். அதைவிட மோசம், விசையை இழுக்கும் ஆள்காட்டி விரலும் மற்ற விரல்களோடு சேர்ந்து இறுகி, குண்டு கிளம்பும் கணத்தில் முனையைத் திருப்பிவிடும். கட்டை விரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் இடையிலுள்ள கவட்டை, பிடியின் பின்புறத்தில் மேலே நன்றாகப் பதிய வேண்டும். நடுவிரலும் மோதிர விரலும் நேராகப் பின்னோக்கி அழுத்த வேண்டும். கட்டை விரலும் சுண்டு விரலும் சும்மா இருந்தால் போதும். ஆள்காட்டி விரல் தனி ஆள்.

"குழந்தை கையைப் பிடிச்சு ரோடு தாண்டுவோமில்ல, அந்த அளவு. விடவும் கூடாது, நசுக்கவும் கூடாது. முதல் குண்டுலேருந்து அறுபதாவது வரைக்கும் அதே அளவு."

ஈரத்துக்கு வைத்தியம்? ஒவ்வொரு முறை சுட்டதும் பிஸ்டலை மேஜையில் வைத்துவிட்டு உள்ளங்கையைத் துண்டில் ஒற்றிக்கொள்ள வேண்டும். போட்டி நாளில் கையில் எண்ணெயோ கிரீமோ கூடாது. கபடிக்காரர்கள் மண்ணைத் தேய்த்துக்கொள்வதும், பாறை ஏறுபவர்கள் மக்னீசியம் கார்பனேட் பொடி பூசிக்கொள்வதும் இதே காரணத்துக்குத்தான். அளவு மீறி வியர்ப்பவர்களுக்கு அலுமினியம் குளோரைடு கலந்த பூச்சு உண்டு. அது தோல் மருத்துவரின் வேலை.

இவ்வளவும் கைக்கு. மனசுக்கு?

கடல் மட்டத்திலிருந்து சுமார் 900 மீட்டர் உயரத்தில் இருக்கும் ஊர் இது. சென்னையில் எதற்கும் வெயிலைக் குற்றம் சொல்லித் தப்பிக்கலாம். இங்கே அது முடியாது. உள்ளங்கை வியர்ப்பதற்கும் வெயிலுக்கும் சம்பந்தம் குறைவு. உடம்பின் மற்ற இடங்கள் சூட்டுக்கு வியர்க்கின்றன. உள்ளங்கையும் உள்ளங்காலும் பெரும்பாலும் பயத்துக்கும் பதற்றத்துக்குமே வியர்க்கின்றன. தூங்கும்போது அந்தக் கை காய்ந்துவிடும். தோலில் லேசான ஈரம் இருந்தால் பிடி கூடும், மிகுந்தால் வழுக்கும். நோட்டு எண்ணும் காசாளர் விரலை ஸ்பாஞ்சில் ஒற்றிக்கொள்வது இதனால்தான். ஆபத்து வந்ததும் மரக்கிளையையோ கல்லையோ கெட்டியாகப் பற்றிக்கொள்ளவே இயற்கை இந்த ஈரத்தைத் தந்திருக்க வேண்டும் என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள்.

நாற்பது வயது தாண்டியபின் இதைப் படித்தபோது எனக்கு நெஞ்சு லேசானது. இத்தனை காலம் என்னைக் கைவிட்டதாக நினைத்த என் கை, உண்மையில் என்னை விடாமல் பிடித்துக்கொள்ளத்தான் பார்த்திருக்கிறது. கொஞ்சம் அதிகமாக. மருமகளிடம் நான் சொன்னது இவ்வளவுதான்.

பயிற்சியாளர் தன் பங்குக்குப் பெங்களூர்க்காரரான பிரகாஷ் நஞ்சப்பாவைப் பற்றிச் சொன்னார். கனடாவில் சாஃப்ட்வேர் வேலையிலிருந்து திரும்பி வந்து பிஸ்டலைக் கையிலெடுத்தவர். 2013-ல் முகத்தின் ஒரு பக்கம் செயலிழந்தது. குறி பார்க்கும் விளையாட்டில் அது எத்தகைய இடி! அடுத்த ஆண்டே கிளாஸ்கோ காமன்வெல்த் போட்டியில் பத்து மீட்டர் பிரிவில் வெள்ளி வென்றார். 2016-ல் ரியோ ஒலிம்பிக்கிலும் ஆடினார். "உடம்பு ஒத்துழைக்கிற நாள்ல சுடறது பெரிசில்ல" என்றார் பயிற்சியாளர்.

மருமகள் துண்டை மேஜையின் ஓரத்தில் மடித்து வைத்தாள். கையை ஒற்றினாள். பிஸ்டலை எடுத்து, கவட்டையைப் பதித்து, கையை மெதுவாக உயர்த்தினாள். முதல் குண்டு எட்டு. மறுபடி துண்டு. ஒன்பது. மறுபடி துண்டு. மறுபடி எட்டு. ஒரு பத்துகூட விழவில்லை. ஆனால் பத்தாவது குண்டுவரை எதுவும் சிதறவும் இல்லை. எட்டும் ஒன்பதுமாக ஒரே இடத்தில் நெருங்கிக் கிடந்தன.

"பிடி ஒரே மாதிரி இருக்கு. குறியை அப்புறம் திருத்திக்கலாம்" என்றார் பயிற்சியாளர்.

அவள் உள்ளங்கையை விரித்து என்னிடம் காட்டினாள். விளக்கில் பளபளத்தது. "இன்னும் ஈரம்தான் மாமா" என்றாள். நாளைக்கு எத்தனை மணிக்கு வர வேண்டும் என்று அவரிடம் கேட்டுக்கொண்டாள்.

விடைபெறும்போது பயிற்சியாளர் கையை நீட்டினார். வழக்கம்போல் என் இரு கைகளும் வணக்கத்துக்கு எழுந்தன. மருமகள் பார்த்துக்கொண்டிருந்தாள். வலது கையை வேட்டியில் துடைத்துக்கொண்டு அவர் கையைப் பற்றிக் குலுக்கினேன். விடவும் இல்லை, நசுக்கவும் இல்லை.