இரட்டையர் ஆட்டம்

"டென்னிஸுக்கும் டிப்ளமோ படிக்கிறவனுக்கும் என்னடா சம்பந்தம்?" என்று நீங்கள் கேட்பது காதில் விழுகிறது. அம்பத்தூரில் பிறந்து வளர்ந்த நான் டென்னிஸ் ராக்கெட்டைத் தொட்டதுகூட இல்லை. ஆனால் 2024 செப்டம்பரில் டீக்கடைப் பேப்பரில் படித்த ஒரு செய்தி இன்னும் மனசை விட்டுப் போகவில்லை.

நம்ம சென்னைக்காரர்கள் ஜீவன் நெடுஞ்செழியனும் விஜய் சுந்தர் பிரசாந்தும் சீனாவில் ஹாங்சோ ஓப்பன் இரட்டையர் பட்டம் வென்றிருந்தார்கள். ஃபைனலில் முதல் செட் 4-6 என்று போய்விட்டது. இரண்டாவதை டை-பிரேக்கில் பிடித்தார்கள். மூன்றாவது செட்டுக்குப் பதிலாக ஆடும் பத்துப் புள்ளி ஆட்டத்தில் 10-7 என்று ஜெயித்தார்கள். ஜீவனுக்கு அப்போது வயது 35. அவருடைய முதல் ஏ.டி.பி. பட்டம் 2017-ல், நம் நுங்கம்பாக்கத்தில் நடந்த சென்னை ஓப்பனில், ரோஹன் போபண்ணாவோடு சேர்ந்து வந்தது. அடுத்ததற்கு ஏழு வருஷம்!

"சிங்கிள்ஸ் தேறாதவன்தான் டபுள்ஸ் ஆடுவான்" என்பார்கள். "இன்ஜினீயரிங் கிடைக்காதவன்தான் டிப்ளமோ" என்று நம்மைச் சொல்வதில்லையா, அதுபோலத்தான்! டபுள்ஸ் தனித் தொழில். கோர்ட்டின் அகலம் 27 அடியிலிருந்து 36 அடியாகிவிடும். ஒருவர் சர்வீஸ் போடும்போது, இன்னொருவர் அவருக்கு முதுகைக் காட்டி வலைக்குப் பக்கத்தில் நிற்க வேண்டும். பின்னால் இருப்பவன்மேல் நம்பிக்கை இல்லாமல் அப்படி நிற்க முடியுமா? அந்தப் போபண்ணா 2024-ல் மேத்யூ எப்டனோடு ஆஸ்திரேலிய ஓப்பன் வென்று, 43 வயதில் இரட்டையரில் உலகின் நம்பர் ஒன் ஆனார்.

படித்ததும் எனக்கு அண்ணன் ஞாபகம்தான் வந்தது. அப்பாவுக்கு உடம்பு முடியாமல் போனதும், பத்தாவதோடு படிப்பை நிறுத்திவிட்டு எஸ்டேட்டில் ஒரு பட்டறைக்குப் போனவர். என் ஃபீஸ், டிராஃப்டர், ஷூ எல்லாம் அவர் ஓவர்டைம்தான். முதல் வருஷம் ஒர்க்‌ஷாப்பில் நான் ஸ்டெப் டர்னிங் ஜாபைக் கெடுத்தபோது, "அவசரப்படாதே, கடைசி கட் கொஞ்சமா கொடு" என்று சொல்லிக்கொடுத்ததும் அவர்தான். அவருக்கு டிராயிங் படிக்க வராது. ராத்திரி சமையல்கட்டில் பாயை விரித்து நான் சொல்லிக்கொடுத்தேன்.

இப்போது ஒரு உண்மை. "அண்ணன் என்ன பண்றாரு?" என்று நீங்கள் கேட்டபோது "சூப்பர்வைசர்" என்றேன். அது பொய். என் அண்ணன் லேத் ஆபரேட்டர். இதைச் சொல்ல எனக்கு இரண்டு வருஷம் ஆயிற்று. மன்னித்துவிடுங்கள்.

இரட்டையர் ஆட்டத்தில் ஜெயித்தால் இரண்டு பேருக்கும் பட்டம். என் டிப்ளமோ சர்டிபிகேட்டில் மட்டும் ஒரு பேர்தான் அச்சாகும். அதனால் வேலை கிடைத்ததும் அண்ணனைப் பிளஸ் டூ பிரைவேட்டாக எழுத வைப்பேன். ஃபீஸ் நான் கட்டுவேன். இத்தனை நாள் அவர் சர்வீஸ். இனி என் முறை!

— இயந்திரவியல், இரண்டாமாண்டு மாணவன்