மருந்துக்கும் பறிப்புக்கும் நடுவே

ஜூன் 4, திண்டுக்கல்

பேத்திக்குக் காய்கறி மசித்து ஊட்டத் தொடங்கியிருக்கிறாள் மகள். “கடைக் காயை நல்லா கழுவிட்டா பூச்சிமருந்து போயிருமாம்மா?” என்று போனில் கேட்டாள். மேலே படிந்தது பெருமளவு போகும்; செடிக்குள் ஊடுருவிப் பாய்கிற மருந்து காயின் சதையிலேயே இருக்கும், அதைத் தண்ணீர் தொடாது. 2017-இல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழகத்தில் ஆப்பிளை வைத்துச் சோதித்தார்கள். சமையல் சோடா கரைத்த நீரில் 12 முதல் 15 நிமிடம் ஊறியபின் தோல்மேல் இருந்த மருந்து நீங்கியது. தோலுக்குள் இறங்கியிருந்தது நீங்கவில்லை. இதைத்தான் அவளிடம் சொன்னேன்.

ஜூன் 5

லிட்டருக்கு 20 கிராம் கல்லுப்பு போட்டுக் காயை ஊறவைத்து, பிறகு ஓடுகிற தண்ணீரில் அலசச் சொல்லியிருக்கிறேன். வெண்டை, திராட்சை, கறிவேப்பிலை எல்லாவற்றுக்கும் இதே முறை. பயந்துகொண்டு காயையே நிறுத்திவிடாதே என்றும் சொன்னேன்.

ஜூன் 8, ஒட்டன்சத்திரம் பக்கம்

தம்பியின் கத்தரித் தோட்டம். பக்கத்து வயலில் ஒருவர் முதுகில் டேங்க் சுமந்து, வாயில் துண்டைக் கட்டிக்கொண்டு வெறுங்காலோடு மருந்தடித்துக்கொண்டிருந்தார். டப்பாவில் சிவப்பு முக்கோணம்; கடும் நஞ்சு என்று அதற்கு அர்த்தம். நம் தட்டுக்கு வருவது எச்சம், முழு நஞ்சு அவர் மூச்சில் போகிறது. இந்தப் பேச்சில் அவரை யாரும் சேர்ப்பதில்லை. எனக்கு மனசு ஆறவில்லை.

மருந்தடித்து எத்தனை நாள் கழித்துப் பறிக்க வேண்டும் என்று தம்பியைக் கேட்டேன்.

“சிலதுக்கு மூணு நாளு, சிலதுக்கு மூணு வாரம்கூடப் போட்டிருக்கும்க்கா. கத்தரிய நாலு நாளைக்கு ஒருக்காப் பறிக்கணும். விட்டா முத்திப்போயிரும். புழு ஓட்டை ஒண்ணு இருந்தாப் போதும், மண்டியில சொத்தைன்னு ஒதுக்கிருவாங்க.”

கோளாறு முழுவதும் இதற்குள் இருக்கிறது. ஓட்டையில்லாத காயைத்தான் நாம் கேட்கிறோம், மண்டியும் அதற்குத்தான் விலை வைக்கிறது. தண்டு, காய்ப்புழுவுக்குப் பயந்து அடித்த மருந்து அடங்குமுன் அடுத்த பறிப்பு வந்துவிடுகிறது. தம்பி ஏக்கருக்கு 5 இனக்கவர்ச்சிப் பொறி வைத்து, வாடிய நுனிகளைக் கிள்ளி எரிக்கிறான். மருந்தடிப்பது குறைந்திருக்கிறதாம். ஆனால் அந்தக் காய்க்குத் தனி விலை கிடையாது.

ஜூன் 9

வீட்டுக்குத் திரும்பிவிட்டேன். மருந்து எச்சத்துக்காக நம் கறிவேப்பிலையை ஐரோப்பிய ஒன்றியம் கூடுதல் சோதனைப் பட்டியலில் வைத்தது. 2010-இல் குளோர்மெக்வாட் என்ற பயிர் மருந்தின் எச்சம் இருந்ததால் நம் திராட்சை அங்கே மாட்டிக்கொண்டது. ஐரோப்பாவுக்குப் போகும் திராட்சைக்குத் தோட்டத்தைப் பதிவு செய்து, ஆய்வகத்தில் எச்சம் பார்த்த பிறகுதான் அனுமதி. நம் தெருக்கடைக்கு வரும் பழத்துக்குத் தோட்டவாரியாக அப்படி ஒரு சோதனை கிடையாது. எப்போதாவது மாதிரி எடுப்பதோடு சரி. உள்ளூர்க் குழந்தையின் வயிறு என்ன மட்டமா?

ஜூன் 11

மோனோகுரோட்டோபாஸ் என்ற பூச்சிமருந்தைக் காய்கறிக்கு அடிக்கக் கூடாது என்று 2005-இலேயே ஆணை வந்துவிட்டது. ஆனால் பருத்திக்கு என்று அதே கடையில் அதே டப்பா விற்றது. வாங்கியவர் எதில் அடிக்கிறார் என்று யார் போய்ப் பார்ப்பது? 2013-இல் பீகாரின் கண்டாமன் கிராமத்தில் இந்த நஞ்சு கலந்த மதிய உணவைச் சாப்பிட்டு 23 குழந்தைகள் இறந்தார்கள். அதன் 36 சதவீதக் கரைசலுக்குத் தடை ஆணை வந்தது 2023-இல். பயிருக்குப் பயிர் தடை போட்டால் காகிதத்தோடு நின்றுவிடும். தடை கடை அலமாரிக்கு வரவேண்டும்.

ஜூன் 12

ஆட்சியருக்கு மனு எழுதி முடித்தேன். 1999-இல் மதுரையில் தொடங்கிய நாள்முதல் உழவர் சந்தைகளில் விலைப்பலகை இருக்கிறது. அதன் பக்கத்தில் இன்னொரு பலகை வேண்டும்: மாதந்தோறும் மாதிரி எடுத்து, எந்தக் காயில் எந்த மருந்து எவ்வளவு, அனுமதித்த அளவு எவ்வளவு என்று அதில் எழுதவேண்டும். பொறி வைத்து விளைவித்த காய்க்குத் தனிக் கடை ஒதுக்கவேண்டும். வரும் திங்கட்கிழமைக் குறைதீர் கூட்டத்தில் கொடுக்கிறேன். தெருவில் உள்ளவர்களும் கையெழுத்துப் போடவேண்டும்.