குக்கர் வாங்கப் போகிறீர்களா?

உப்புக்குளத்தில் என் வயதுப் பெண்கள் ஒரு சாமான் வாங்குவதென்றால் பத்துத் தடவை யோசிப்போம். 1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகள் எங்களை வெளியேற்றியபோது, உம்மாமார் பார்த்துப் பார்த்துச் சேர்த்த சட்டி, பானை, சஹன் எல்லாம் அடுக்களையிலேயே கிடந்தன. புத்தளம் பக்கத்து முகாம்களில் ஓலைக் கொட்டிலுக்குள் விறகு ஊதியே வருஷங்கள் கழிந்தன. திரும்பி வந்து மறுபடி குடித்தனம் போட்டவர்களுக்குத்தான் ஒரு பாத்திரத்தின் அருமை தெரியும்.

அண்மையில் மகள் தனிக்குடித்தனம் போனாள். அவளுக்கு பிரஷர் குக்கர் வாங்கலாம் என்றேன். "அது வெடிக்கும் புள்ள, வேணாம்" என்றார் மாமி. ஆனால் 2022 இல் காஸுக்கு வரிசையில் நின்றதை மறக்க முடியுமா? அந்த ஏப்ரலில் 12.5 கிலோ சிலிண்டர் 4,860 ரூபாவுக்கு ஏறியது. குக்கருக்குள் ஆவி அடைபடுவதால் தண்ணீர் 100 பாகையோடு நிற்காமல் ஏறத்தாழ 120 பாகை வரை சூடேறும். திறந்த சட்டியில் ஒரு மணித்தியாலத்துக்கு மேல் கிடக்கும் மாட்டிறைச்சியும், ஊறவைத்த கடலையும் பாதி நேரத்துக்குள் வெந்துவிடும். நோன்பு நாளில் அஸருக்குப் பின் அடுக்களைக்குள் போகும் பெண்ணுக்கு அது எவ்வளவு பெரிய உதவி!

சகோதரிகளே, முதலில் அளவைப் பாருங்கள். பெருநாளைக்குச் சொந்தபந்தம் வருமே என்று 10 லீற்றர் வாங்காதீர்கள். பெரியது ஆவி கட்டவே காஸைக் குடிக்கும். நாலைந்து பேருக்கு 5 லீற்றர் போதும். அலுமினியம் விலை குறைவு, சீக்கிரம் சூடேறும். ஆனால் புளி, கொறுக்காய் சேர்த்தவற்றை அதில் வைத்திருக்கக் கூடாது. எவர்சில்வர் விலை கூட, புளிப்புக்கு அஞ்சாது. அடிப்பாகம் தடிப்பாக இருக்கட்டும், இல்லாவிட்டால் அடிப்பிடிக்கும். மூடி உள்ளே பொருந்தும் வகையில், ஆவியே மூடியை இறுக்கிப் பிடித்திருக்கும். அடங்கும்வரை திறக்க வராது. வெளியே பூட்டும் வகை கழுவ இலகு.

மாமியின் பயத்திலும் நியாயம் உண்டு. குக்கரை முக்காற்பங்குக்குக் கீழே, மூன்றில் இரண்டு பங்கோடு நிறுத்த வேண்டும். பொங்கி நுரைக்கும் பருப்பு, சோறு, கஞ்சி என்றால் பாதிதான். விசில் துவாரத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தே மூட வேண்டும். ஆவி அடங்குமுன் மூடியை இழுக்கவே கூடாது. தேங்காய்ப்பால் கறியென்றால் இறைச்சியை வேகவைத்துத் திறந்த பிறகே முதற்பாலை ஊற்றுங்கள். மீனுக்குக் குக்கர் எதற்கு? நம் கடல் மீன் சட்டியில் ஒரு கொதியிலேயே வெந்துவிடும்.

இதெல்லாம் சொன்ன பிறகு மாமி கேட்ட கேள்விதான் எனக்குப் பிடித்தது: "அந்த இறப்பர் வளையம் பழுதானா இங்க வாங்கேலுமா?" வளையமும் பாதுகாப்பு வால்வும் தேய்ந்து போகும் சாமான்கள். அவை கிடைக்காத குக்கர், எவ்வளவு பளபளத்தாலும், பரணுக்குத்தான் போகும். ஆகவே மன்னார் கடைத்தெருவில் விலையைக் கேட்குமுன் அதைக் கேட்டோம். மகளுக்கு 5 லீற்றர் குக்கர் ஒன்றும், கூடவே மேலதிக வளையம் ஒன்றும் வாங்கிக் கொடுத்தோம்.