ஏசி போட்டு காருக்குள் தூங்குறவங்களுக்கு

கும்மிடிப்பூண்டி சிப்காட்ல நைட் ஷிஃப்ட் ஆளுங்களை இறக்கிவிட்டுட்டு, காலைல திரும்ப ஏத்துற வரைக்கும் கேப் டிரைவர்கள் வண்டியிலேயே தூங்குறாங்க. கண்ணாடியை ஏத்திவிட்டு, ஏசி ஓட. புழுக்கமும் கொசுவும் அப்படி, தப்பு சொல்ல முடியல. ஆனா ஆபத்து.

"ஏசி கேஸ் லீக்காகி இறந்தார்"னு நியூஸ் வரும். பெரும்பாலும் ஆளைக் கொல்றது இன்ஜின் புகையில் இருக்கும் கார்பன் மோனாக்சைடு. நிறம், வாசனை கிடையாது. சைலன்சர்ல ஓட்டை, டிக்கி ரப்பர் போயிருக்கு, வண்டி சுவரை ஒட்டி நிக்குது... ஏதாவது ஒண்ணு போதும். ஓடுற வண்டியில புகை பின்னாடி போயிடும். நிக்கிற வண்டியில சுத்தித் தேங்கி உள்ளே வரும்.

2024 டிசம்பர்ல கேரளா வடகரையில், நிறுத்தியிருந்த கேரவனுக்குள் ஏசி போட்டுத் தூங்கின 2 பேர் இறந்தாங்க. ஜெனரேட்டர் புகை.

ரீசர்குலேஷன் பட்டன் போட்டா போதுமே? ஜிஎன்டி ரோட்ல லாரி பின்னாடி போறப்போ நல்லது. தூங்க அதை நம்பாதீங்க, கார் ஒண்ணும் காத்துப்புகாத டப்பா இல்ல.

இந்த வாயு ஹீமோகுளோபினை ஆக்ஸிஜனை விட 200 மடங்குக்கு மேல் இறுக்கமா பிடிச்சுக்கும். முதல்ல தலைவலி, குமட்டல் வரும். தூங்குறவருக்கு அது தெரியாது. விரல்ல மாட்டுற ஆக்ஸிமீட்டரும் நார்மல்னே காட்டும்.

தூங்கணுமா, இன்ஜினை ஆஃப் பண்ணுங்க. ஜன்னலை இறக்கி வலைத்துணி மாட்டுங்க. ஏசி சர்வீஸ் விடும்போது சைலன்சரையும் பார்க்கச் சொல்லுங்க.

யாராவது மயங்கிக் கிடந்தா கதவைத் திறந்து, இன்ஜினை நிறுத்தி, வெளியே தூக்குங்க. 108 கூப்பிடுங்க. "ஏசி ஓடுற வண்டிக்குள்ள இருந்தார்"னு மறக்காம சொல்லுங்க. அதைக் கேட்டாத்தான் எங்களுக்கு உடனே ஆக்ஸிஜன் மாஸ்க் ஞாபகம் வரும்.