பூர்வீகம் எந்தத் தேதியில் தொடங்குகிறது?

கிள்ளான், மலேசியா



எங்கள் போடிநாயக்கனூரில் புது ஆளைப் பார்த்தால் பெயருக்கு முன்னால் ஊரைக் கேட்பார்கள். "போடிதாங்க" என்று சொன்னாலும் விடமாட்டார்கள். "அது சரிப்பா, பூர்வீகம் எது?" என்று அடுத்த கேள்வி வந்து விழும். இதற்குப் "போடியேதான்" என்று பதில் சொன்ன ஆளை நான் பார்த்ததில்லை. ஊரை ஆண்ட ஜமீனே தெலுங்கு பேசும் கம்பளத்தார். கம்பம் பள்ளத்தாக்கில் கன்னடம் பேசும் காப்பிலியர் தலைமுறை தலைமுறையாக உழுகிறார்கள். மாசி சிவராத்திரி வந்தால் பாதித் தெரு பூட்டிக் கிடக்கும். ஜனம் உசிலம்பட்டிப் பக்கம் பாப்பாபட்டி ஒச்சாண்டம்மனைக் கும்பிடப் போயிருக்கும். குலசாமி எங்கே இருக்கிறதோ அதுதான் பூர்வீகம் என்பது எங்கள் பக்கத்துக் கணக்கு. அதனால் பூர்வீகம் என்பது எப்போதும் வேறோர் ஊராகவே இருக்கும்.

இந்தச் சொல்லை அதிகம் கேட்ட இடம் கோயில் இல்லை, பத்திர ஆபீஸ் வாசல். பூர்வீகச் சொத்து, பூர்வீக வீடு, பூர்வீக வரப்பு என்று அண்ணன் தம்பி பேச்சு நிற்கும்போதெல்லாம் அது வந்துவிடும். தமிழ்நாட்டில் மகள்களுக்கும் அதில் பங்கு உண்டு என்று 1989இல் சட்டம் மாறியது. ஆனால் அந்த ஆண்டு மார்ச் 25க்கு முன்பே கல்யாணமாகிப் போனவர்களுக்குப் பங்கு கிடையாது. 2005இல் மத்திய சட்டம் திருந்தும் வரை அந்தப் பெண்களுக்குப் பூர்வீகம் இருந்தது, பூர்வீகச் சொத்து இல்லை. ஒரு தேதி இப்படி வேலை செய்யும் என்பதை இங்கேயே குறித்து வைத்துக்கொள்ளுங்கள்.

மலைக்குப் போவோம். விடிவதற்கு முன் ஜீப்புகளில் நெருக்கி உட்கார்ந்து, மதியச் சோற்றுத் தூக்கை மடியில் வைத்துக்கொண்டு, பதினேழு கொண்டை ஊசி வளைவு ஏறி ஏலத்தோட்டங்களுக்குப் போகிறவர்கள் அதிகமும் பெண்கள். போடிமெட்டைத் தாண்டினால் கேரளம். அங்கே வசவாக ஒரு சொல் உண்டு, 'பாண்டி'. பாண்டிய நாட்டுக்காரன் என்பதற்கு மேல் அதில் ஒன்றுமில்லை. சொல்கிற தொனியில்தான் எல்லாம் இருக்கிறது. வேடிக்கை என்னவென்றால், அந்த மலைகளின் ஆதிகுடிகளான முதுவார்களும் தங்கள் முன்னோர் மதுரையிலிருந்து வந்தவர்கள் என்றே கதை சொல்கிறார்கள். மீனாட்சியை முதுகில் சுமந்துகொண்டு மலையேறினார்களாம். அந்தக் கணக்கில் பார்த்தால் அவர்களும் பாண்டிதான்.

அந்தச் சரிவில் எங்கிருந்தும் வராதது ஏலச்செடி ஒன்றுதான். மேற்குத் தொடர்ச்சி மலையின் ஈரக்காட்டில் தானாக முளைத்தது. பிறப்பிடத்துக்குச் சான்று தரும் புவிசார் குறியீட்டை அதற்கு வாங்கியபோது என்ன பெயர் வைத்தார்கள் தெரியுமா? ஆலப்புழைப் பச்சை ஏலக்காய். ஆலப்புழை கடலோரப் பழைய துறைமுகம், அங்கே ஏலத்தோட்டம் ஏது! அந்தக் காலத்தில் மலைக்காய் அங்கே போய்ச் சேர்ந்து கப்பல் ஏறியது, பெயர் ஒட்டிக்கொண்டது. போடியில் சல்லடையில் சலித்து, எட்டு மில்லிமீட்டர் காயைத் தனியாகப் பொறுக்கி எடுக்கும் பெண்ணின் ஊர்ப்பெயர் அந்தச் சான்றில் இல்லை. இன்று உலகச் சந்தைக்கு அதிகம் ஏலக்காய் அனுப்புவது குவாத்தமாலா. அங்கே அது போன நூற்றாண்டில் கொண்டுபோய் நட்ட பயிர். காயைப் பார்த்து யாரும் பூர்வீகம் கேட்பதில்லை.

ஆளைக் கேட்கிறார்கள். பட்டியல் சாதிகளின் பட்டியல் மாநிலத்துக்கு மாநிலம் வேறு. அதற்கான குடியரசுத் தலைவர் ஆணை வந்தது 1950 ஆகஸ்டு 10. அன்று உங்கள் குடும்பம் எந்த மாநிலத்தில் நிலையாகக் குடியிருந்ததோ அந்த மாநிலத்தில்தான் உங்களுக்குச் சாதிச் சான்றின் பலன். அதற்குப் பிறகு மலையேறியவரின் பேரப்பிள்ளை இடுக்கி மாவட்டத்துத் தோட்டக் குடியிருப்பான லயத்தில் பிறந்து, அங்கேயே படித்து, அங்கேயே ஓட்டுப் போட்டாலும் அந்தப் பலன் அங்கே கிடைக்காது. தேவிகுளம் சட்டமன்றத் தொகுதி ஆ. ராஜா வழக்கு நினைவிருக்கும். 2021இல் அந்தத் தனித்தொகுதியில் ஜெயித்தவர். அவர் மதம் என்ன என்பது ஒரு கேள்வி; குண்டளை எஸ்டேட்டுக்குக் குடும்பம் வந்தது அந்தத் தேதிக்கு முன்பா பின்பா என்பது இன்னொன்று. 2023இல் கேரள உயர் நீதிமன்றம் தேர்தல் செல்லாது என்றது. 2025 மே மாதம் உச்ச நீதிமன்றம் செல்லும் என்றது. கேரளம் என்ற மாநிலம் பிறந்ததே 1956 நவம்பர் 1இல். மாநிலத்தைவிட ஆறு வயது மூத்த பூர்வீகத்தைக் கூலிக்காரர் காட்ட வேண்டியிருக்கிறது.

நான் பிழைக்க வந்த மலேசியாவிலும் இதே கதைதான். மலாய்க்காரர் யார் என்று அரசியல் சட்டத்தின் 160ஆம் பிரிவு சொல்கிறது: மதம், மொழி, வழக்கம், அதோடு ஒரு தேதி, 1957இல் சுதந்திரம் கிடைத்த நாள். பூமிபுத்ரா என்ற சமஸ்கிருதச் சொல்லை இங்கே தினமும் கேட்கிறேன். அந்தச் சொல் மலாய்க்கு வந்த வழியை யாரும் விசாரிப்பதில்லை. இங்குள்ள காட்டுப் பழங்குடிகளுக்கு ஓராங் அஸ்லி என்று பெயர். அந்த 'அஸ்லி'யும் அடகுக்கடையில் நாம் சொல்லும் 'அசலு'ம் ஒரே அரபு வேர். ஆனால் தனிச்சலுகை பேசும் 153ஆம் பிரிவில் மலாய்க்காரரும் சபா, சரவாக் பூர்வகுடிகளும் உண்டு, ஓராங் அஸ்லி இல்லை. வட்டி வேறு யாருக்கோ போகிறது, அசல் காட்டோரம் நிற்கிறது. பக்கத்து வீட்டு அண்ணன் மூன்று தலைமுறையாகக் கிள்ளான்காரர். என்னிடம் அவர் கேட்டதும் "ஊர்ல எங்கப்பா?" என்றுதான். ஊர் என்றால் அவருக்கு இன்னும் இந்தியா.

ஆதிக்குடியின் காட்டுரிமையும் தோட்டக்கூலியின் சான்றிதழும் ஒன்றல்ல என்பது தெரியும். முதுவார் நிலத்துக்கு நான் பங்கு கேட்கவில்லை. கேட்பது வேறு. 1950இல் யார் எந்த லயத்தில் இருந்தார் என்ற ஏடு கம்பெனிகளின் அலமாரியில் இருந்தது, கூலிக்காரர் வீட்டுப் பெட்டியில் அல்ல. ஆதாரம் காட்டும் பொறுப்பு மட்டும் ஏன் கூலிக்காரர் தலையில்?

லயத்திலிருந்து இறங்கி வந்து போடியில் விடுதியில் தங்கி என்னோடு படித்த நண்பன் இப்போது பூப்பாறைப் பக்கம் இருக்கிறான். மகளுக்கு நர்சிங் சேர்க்கை, சாதிச் சான்று வேண்டும். பழைய எஸ்டேட் ஒன்றின் சம்பள ஏட்டு நகல் கிடைத்துவிட்டது என்று போன வாரம் போனில் சந்தோஷமாகச் சொன்னான். மறுநாளே திரும்ப அழைத்தான். தாத்தா பெயர் கருப்பன். அந்தப் பக்கத்தில் நாலு கருப்பன் இருக்கிறார்களாம், யாருக்கும் அப்பன் பெயர் எழுதவில்லை.

அன்புடன்,
போடிக்காரன்